முதல் சனிக்கிழமைச் சாயங்காலம்

அன்புள்ள தங்கைக்கு,

மறுவாழ்வு மையத்திலிருந்து ஒருவர் வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் கையில் ஒரு டிஸ்சார்ஜ் தாள் இருக்கும். எந்த மாத்திரை எத்தனை வேளை, ஈரல் எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து எந்தத் தேதியில் வரவேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். வருகிற சனிக்கிழமை சாயங்காலம், வாரக்கூலி சட்டைப்பையில் இருக்கும்போது, அவர் யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்பது மட்டும் இருக்காது. குடிநோய் ஆலோசகராகப் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உனக்கு இந்தக் கடிதம் அந்த எழுதப்படாத வரியைப் பற்றியது.

இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஓர் இயக்கத்தின் கதையும் ஒரு சனிக்கிழமையில்தான் தொடங்குகிறது. 1935 மே 11. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டயர் கம்பெனிகளுக்குப் பேர்போன ஆக்ரன் நகரம். அங்கே மேஃப்ளவர் ஓட்டலின் முன்கூடத்தில் ஒருவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பெயர் பில் வில்சன். நியூயார்க்கின் பங்குச்சந்தையில் ஒருகாலத்தில் நன்றாகச் சம்பாதித்து, குடியால் எல்லாவற்றையும் இழந்தவர். ஒரு ரப்பர் இயந்திரக் கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் போட்டிக்காக வந்து, அதிலும் தோற்றிருந்தார். கூட வந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். பையில் பணம் அதிகமில்லை. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கூடத்தின் ஒரு பக்கம் பார். உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன. இன்னொரு பக்கம் தொலைபேசி, அதனருகே ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல்.

அவர் தொலைபேசிப் பக்கம் போனார். பட்டியலில் கண்ட ஒரு பாதிரியாரை அழைத்து, இந்த ஊரில் குடியை விடமுடியாமல் தவிக்கும் யாராவது ஒருவரோடு பேசவேண்டும் என்று கேட்டார்.

அவர் கேட்டதைக் கவனி. மருத்துவர் வேண்டும் என்று கேட்கவில்லை. தனக்காக ஜெபிக்கச் சொல்லவில்லை. தன்னைப்போலவே ஒரு குடிநோயாளி வேண்டும் என்றார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் நியூயார்க்கில் அவர் பல குடிநோயாளிகளைத் தேடிப் போய்ப் போதித்திருந்தார். ஒருவர்கூடக் குடியை விடவில்லை. சோர்ந்துபோய் மனைவி லோயிஸிடம் புலம்பியபோது, அவர்கள் விடாவிட்டாலும் நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே என்று லோயிஸ் சுட்டிக்காட்டினார். பில்லுக்குச் சிகிச்சை தந்த டாக்டர் சில்க்வொர்த் இன்னொரு விஷயம் சொல்லியிருந்தார்: போதனையைக் குறை, இந்த நோய் உடம்பை என்ன செய்யும் என்ற உண்மையை முதலில் சொல். இந்த இரண்டும் அன்று ஓட்டல் கூடத்தில் அவருக்குத் துணை வந்தன. அடுத்தவரைக் காப்பாற்றவேண்டும் என்பதற்காக அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. தான் பாருக்குள் போய்விடாமல் இருக்க இன்னொரு குடிநோயாளி தேவைப்பட்டார்.

ஒருவர் மாற்றி ஒருவராக அழைத்து, கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியை எட்டினார். அவருக்குத் தெரிந்த ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் இருந்தார்: டாக்டர் பாப் ஸ்மித், 55 வயது. அன்று அவரைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் அன்னையர் தினம் என்று மனைவிக்கு ஒரு பூந்தொட்டி வாங்கிவந்தவர், தொட்டியை மேசைமேல் வைத்துவிட்டுத் தான் நிதானமிழந்து கிடந்தார். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, பதினைந்து நிமிடத்துக்குமேல் இருக்கக்கூடாது என்று மனைவியிடம் வாக்கு வாங்கிக்கொண்டு வந்தார். அந்தச் சந்திப்பு முடிந்து கிளம்பும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

ஆறு மணி நேரத்துக்கு மேல் என்ன நடந்தது என்பதைவிட, அதற்கு முன் என்ன நடந்திருந்தது என்பது உன் வேலைக்கு முக்கியம். டாக்டர் பாப் தனிமையில் கிடந்தவரல்ல. சுமார் இரண்டரை ஆண்டுகளாக ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறித்தவ அன்பர் வட்டத்தில் கலந்துகொண்டிருந்தார். அன்பான மனைவி, அக்கறையுள்ள நண்பர்கள், அவருக்காக முழந்தாளிட்டு ஜெபித்தவர்கள் எல்லாரும் சுற்றி இருந்தார்கள். அவ்வளவு பேர் இருந்தும் அவர் குடித்துக்கொண்டுதான் இருந்தார். வந்த புதியவர் அறிவுரை சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். குடிநோயைத் தானே பட்டு அறிந்து பேசிய முதல் மனிதர் அவர்தான் என்று டாக்டர் பாப் பிற்பாடு எழுதினார். அதோடு, அந்த மனிதருக்கு அன்றிரவு தன் உதவி தேவைப்படுகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பல ஆண்டுகளாக எல்லாருக்கும் சுமையாக இருந்தவரிடம் ஒருவர் வந்து, நீங்கள் இருந்தால்தான் நான் பிழைப்பேன் என்கிறார். ஆறுதல் சொன்னவர்களால் தரமுடியாத ஒன்றை அந்த வார்த்தை தந்தது.

மனிதத் தொடர்பு குடிநோயைக் குணப்படுத்தும் என்று இந்நாளில் நிறையப் பேர் பேசுகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் சொல்வது அன்பு செலுத்துவதைப் பற்றி. ஆக்ரன் காட்டுவது வேறொன்று: நோயாளி அன்பைப் பெறுபவராக மட்டும் இருந்தால் போதாது. அவர் இன்னொருவருக்குத் தேவைப்பட வேண்டும். இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்லவேண்டியது முக்கியமாக இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

அந்த ஒரு இரவோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ஜூன் மாதம் டாக்டர் பாப் ஒரு மருத்துவ மாநாட்டுக்காக அட்லாண்டிக் சிட்டி போனார். ரயிலேறியதிலிருந்தே குடித்தார். பல நாள் கழித்து நினைவு தப்பிய நிலையில் ஊர் வந்து சேர்ந்தார். பில் வில்சன் கோபித்துக்கொண்டு மூட்டை கட்டவில்லை. டாக்டர் பாப்பின் வீட்டிலேயே தங்கி, அவர் மனைவி ஆனோடு சேர்ந்து கவனித்துக்கொண்டார். இயக்கத்தின் கணக்குப்படி, ஜூன் 10 காலையில் டாக்டர் பாப் ஓர் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. கை நடுங்காமலிருக்க ஒரு பாட்டில் பீர் கொடுத்து அனுப்பினார் பில். (அந்தக் காலத்துக் கைவைத்தியம் அது. நீ அதைச் செய்யக்கூடாது.) அதுவே டாக்டர் பாப் குடித்த கடைசி மது. சிகிச்சை முடிந்ததும் அவர் வீட்டுக்கு வரவில்லை. ஊரெல்லாம் சுற்றி, தன் குடியால் பாதிக்கப்பட்டவர்களையும் கடன் கொடுத்தவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு இரவில் திரும்பினார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்த ஜூன் 10ஐத்தான். இருவரும் சந்தித்த மே 12ஐ அல்ல. ஒரு வழுக்கலுக்குப் பிறகான நாளை அது பிறந்தநாளாக எடுத்துக்கொண்டது என்பதை, உன் நோயாளி முதல்முறை மறுபடி குடித்துவிட்டு வந்து நிற்கும்போது நினைத்துக்கொள்.

அம்மாதமே இருவரும் ஆக்ரன் நகர மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே பில் டாட்சன் என்ற வழக்கறிஞர் கட்டிலில் கட்டப்பட்டுக் கிடந்தார். குடிவெறியில் இரண்டு செவிலியரை அடித்திருந்தார். வந்தவர்கள் இருவரும் அவருக்கு உபகாரம் செய்ய வந்ததாகச் சொல்லவில்லை. எங்கள் பிழைப்புக்காகவே உங்களிடம் பேச வந்தோம் என்றார்கள். ஜூலை 4 அன்று மனைவியோடு மருத்துவமனையை விட்டு வெளியேறிய டாட்சன், 1954இல் இறக்கும்வரை குடிக்கவில்லை.

மூன்று பேரின் கதை ஆதாரமாகுமா என்று கேட்பாய். கேட்கவேண்டும். ஏஏ கூட்டங்கள் பலன் தருகின்றனவா என்று நெடுங்காலம் ஆராய்ச்சியாளர்களுக்கே ஐயம் இருந்தது. 2020இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு அதற்கு விடை தந்தது. ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிகா ஃபெர்ரி மூவரும் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசினார்கள். நோயாளிகளை ஏஏ கூட்டங்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற வேறு சிகிச்சைகளைப் பெற்றவர்களில் 35 சதவீதம். வித்தியாசம் மலையளவு இல்லை. ஆனால் கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, வாழ்நாள் முழுக்கப் போகலாம் என்பதையும் சேர்த்துப் பார். எப்படி வேலை செய்கிறது என்று கெல்லி தனியே ஆராய்ந்தபோது, ஆன்மிகத்தைவிட, ஒருவர் பழகும் ஆட்கள் மாறுவதுதான் பெரிய காரணமாகத் தெரிந்தது.

மார்க் லிட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரு நோயாளியின் பழக்க வட்டத்தில் குடிக்காத ஒரே ஒருவர் புதிதாகச் சேர்ந்தாலே, அடுத்த ஆண்டு அவர் குடிக்காமல் இருக்கும் வாய்ப்பு 27 சதவீதம் கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். பத்துப் பேர் வேண்டியதில்லை. ஒருவர் போதும்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் நம் ஊரின் சிக்கல் இருக்கிறது. குடிப்பவருக்கு மனிதத் தொடர்பே இல்லை என்று நினைத்துவிடாதே. டாஸ்மாக் வாசலில் முன்பின் தெரியாத இருவர், ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு ஒரு குவார்ட்டர் வாங்கி ‘கட்டிங்’ பிரித்துக்கொள்வதைப் பார்த்திருப்பாய். அந்த ஐந்து நிமிடத்தில் அவர்களுக்குள் இருக்கும் ஒட்டுதல் பொய்யல்ல. கட்டட வேலையில் சித்தாளும் கொத்தனாரும் சனிக்கிழமை கணக்கு முடித்து ஒன்றாகப் போவதும், சாவு வீட்டில் இரவு முழுக்கக் கண்விழிப்பவர்களும், மச்சானுக்கு வண்டி வாங்கியதற்கு ‘ட்ரீட்’ கேட்பவர்களும், எல்லாமே உறவுதான். குடியை விடச் சொல்லும்போது நாம் ஒரு பாட்டிலை மட்டும் பிடுங்கவில்லை. அந்த மனிதரின் கூட்டாளிகளை, வேலைக்கு ஆள் சொல்லிவிடுபவரை, அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்றுத் தருபவரைச் சேர்த்துப் பிடுங்குகிறோம். அந்த வெற்றிடத்தில் வேறு யாரையும் வைக்காமல் ‘பழைய நண்பர்களோடு சேராதீர்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது, பட்டினி கிடக்கச் சொல்வதற்குச் சமம்.

அந்த வெற்றிடத்தை நிரப்ப நம் ஊர் தானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடும் எத்தனையோ பேர், ஆண்டு முழுக்கக் குடித்தவர்கள், ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறார்கள். பக்தி என்பது உண்மை. ஆனால் அந்த நாட்களில் அவரைச் சுற்றி என்ன நடக்கிறது என்றும் பார். மனைவி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லாரும் அவரைச் ‘சாமி’ என்று கூப்பிடுகிறார்கள். கூட்டாளி பாருக்கு அழைப்பதில்லை. மாலையில் பஜனைக்குப் போக இடமிருக்கிறது. குருசாமி என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார். கன்னிச்சாமிக்கு இருமுடி கட்டுவதில் உதவ இவர் தேவைப்படுகிறார். மலையிறங்கி மாலையைக் கழற்றிய சில நாளில் பலர் மறுபடி குடிக்கிறார்கள். அவர் உறுதி குலைந்துவிட்டது என்று வீட்டார் சொல்வார்கள். அன்றோடு அந்தக் கூட்டமும் கலைந்துவிட்டது என்பதை யாரும் சொல்வதில்லை. மாலை போட்டபோது குடிக்காமல் இருந்தேன் என்று உன்னிடம் ஒருவர் சொன்னால், அந்த நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று விரிவாகக் கேள். அவருக்கான சிகிச்சைத் திட்டத்தில் பாதி அந்தப் பதிலில் இருக்கும்.

இங்கே நின்று ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மாலை போட்டதும் ஒரே நாளில் நிறுத்தி, இரண்டாம் நாள் வலிப்பு வந்து தூக்கிவரப்படுகிறவர்களும் உண்டு. நெடுநாள் தினமும் குடித்த உடம்பு, மது நின்ற சில மணி நேரத்திலேயே நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். வலிப்பு வருமானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் எனும் பிதற்றல் நிலை வரும்: சுவரில் இல்லாத பூச்சியைத் துரத்துவார், மகனை யாரென்று கேட்பார், நாடி எகிறும், காய்ச்சல் அடிக்கும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். தையமின் எனும் பி1 சத்து வற்றிய உடம்பில், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். ஆகவே முதல் வாரம் மருத்துவருடையது. அந்த வாரத்தில் பேய் பிடித்ததென்று பூசாரியிடமோ, அன்பால் மாற்றிக்காட்டுகிறேன் என்று உன்னைப்போன்ற நல்ல மனம் கொண்டவர்களிடமோ மட்டும் ஒப்படைக்கக்கூடாது. பிறகும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் சிலருக்கு நன்றாக உதவுகின்றன. மாத்திரையா மனிதரா என்ற சண்டை நோயாளிக்கு உதவாது. இரண்டும் வேண்டும்.

எலிகளின் கதையையும் யாராவது உன்னிடம் சொல்லியிருப்பார்கள். கனடாவில் 1970களின் இறுதியில் புரூஸ் அலெக்சாண்டர், கூண்டில் தனியே அடைபட்ட எலிகளையும் விசாலமான இடத்தில் கூட்டமாக வாழ்ந்த எலிகளையும் ஒப்பிட்டார். கூட்டத்தில் இருந்தவை போதை கலந்த நீரை அதிகம் நாடவில்லை. அழகான சோதனை. ஆனால் அது மார்ஃபினைப் பற்றியது, மதுவைப் பற்றியதல்ல. பிறகு செய்தவர்களுக்கு ஒரேமாதிரி முடிவும் கிடைக்கவில்லை. வகுப்பெடுக்கும்போது அதை மேற்கோள் காட்டு; அதன்மேல் வீடு கட்டாதே.

குடும்பத்துக்கு வருவோம். நோயாளியைக் கூட்டிவந்த மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு வயர்கூடை, பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை. அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பிவிடுவது பல இடங்களில் பழக்கம். அவருக்கும் சிகிச்சை வேண்டும் என்பதை அமெரிக்காவில் உணர்ந்தவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ்தான். பதினேழு ஆண்டு கணவனின் குடியோடு மல்லுக்கட்டியவர். கடையில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியவர். கணவர் குடியை விட்டபிறகு ஒரு நாள், கூட்டத்துக்கு நேரமாகிறது கிளம்பு என்று அவர் சொன்னதும், காலணியைக் கழற்றி அவர்மேல் வீசினார். வீசிவிட்டுத் தானே திகைத்தார். தன்னால் ஆகாததை யாரோ வெளியாட்கள் செய்துவிட்டார்களே என்ற காயம் அது. அந்தக் காலணியிலிருந்து அவர் தன்னைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். 1951இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் அமைப்பு உருவானதற்கு அவர் முக்கிய காரணம். கணவர் குடியை நிறுத்தியபின்னும் முகம் இறுகியிருக்கும் மனைவியை உன் வாழ்க்கையில் நிறையப் பார்ப்பாய். நன்றி இல்லாதவள் என்று மாமியார் சொல்வார். நீ சொல்லாதே.

குடும்பத்தின் அன்புக்கு வழி காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களின் குடும்பத்தாரை மூன்று வகையாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்த ஆய்வை மில்லர், மேயர்ஸ், டோனிகன் 1999இல் வெளியிட்டார்கள். எல்லாரும் கூடி உட்காரவைத்துக் குற்றங்களை எடுத்துச்சொல்லி நெருக்கடி கொடுக்கும் முறையில் 30 சதவீதம் பேரே சிகிச்சைக்கு வந்தார்கள். குடிக்காத நேரத்தில் அன்போடு பேசு, சேர்ந்து சாப்பிடு. குடித்து வந்தால் சண்டை போடாமல் விலகிக்கொள். மனம் இளகிய வேளை பார்த்துச் சிகிச்சையைப் பற்றிப் பேசு, உன் வாழ்க்கையையும் கவனித்துக்கொள் என்று குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்த முறையில் 64 சதவீதம் பேர் வந்தார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து பாணி எந்தப் பக்கம் என்று உனக்கே தெரியும்.

அதே குடும்பம்தான், வேறு வழி தெரியாமல், ‘குடிப்பவருக்குத் தெரியாமல் கலந்துகொடுக்கலாம்’ என்ற விளம்பரத்தை நம்பிக் குழம்பில் பொடி கலக்கிறது. சிலர் டைசல்ஃபிராம் மாத்திரையை வாங்கிப் பொடித்துப் போடுகிறார்கள். அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் நிற்கும் அபாயமும் உண்டு. மருத்துவர் மேற்பார்வையில், நோயாளி முழுச் சம்மதத்தோடு சாப்பிடவேண்டிய மருந்து அது. உயிருக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். மனைவி கையால் சோறு வாங்கிச் சாப்பிடும் நம்பிக்கையும் அன்றோடு போய்விடுகிறது. மீட்சிக்கு இருக்கிற ஒரே கயிற்றையும் அது அறுத்துவிடும். அந்த மனைவியைத் திட்டாதே. ஆனால் முதல் நாளே தனியாக அழைத்துக் கேட்டுவிடு.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வழிபோட்டவரும் குடிநோயாளி ஒருவரின் மனைவிதான். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு பக்கம் டிடிகே மருத்துவமனை என்றால் எல்லாருக்கும் தெரியும். நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே குடும்பத்தாருக்கும் தனியே வகுப்பு நடத்துவதை அங்கே சிகிச்சையின் பகுதியாகவே வைத்தார்கள். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அந்த மருத்துவமனை செய்தவற்றில் இந்தக் கடிதத்துக்கு நெருக்கமானது, 1989 முதல் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் நடத்திய கிராம முகாம்கள். நோயாளியை நகரத்துக்குக் கூட்டிவருவதற்குப் பதிலாக மருத்துவர்களும் ஆலோசகர்களும் ஊருக்குப் போனார்கள். குடிப்பவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். குடியை விட்டவர் யார் என்பதும் ஊர் பார்க்க நடக்கட்டும் என்ற ஏற்பாடு அது. முகாமில் பதினைந்து நாள் ஒன்றாகத் தங்கியவர்கள் பிறகு ஒரே வாய்க்கால் கரையில், ஒரே பஸ் நிறுத்தத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பெயர் வெளியே தெரியாமல் கூடுவது பெருநகரத்தின் பலம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதைச் சின்ன ஊரின் பலமாக்க முடியும் என்று மஞ்சக்குடி காட்டியது.

படித்த படிப்பு போதுமா என்ற கவலையும் உனக்கு இருக்கும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வை 2017இல் லான்செட் இதழ் வெளியிட்டது. உளவியல் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்கள், அளவுமீறிக் குடிக்கும் ஆண்களோடு அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். ஆய்வில் இருந்தவர்கள் 377 பேர். மூன்று மாதம் கழித்து, முந்தைய இரண்டு வாரம் குடிக்கவே இல்லை என்றவர்கள் அந்தப் பேச்சைப் பெற்றவர்களில் 42 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதம். அவர்கள் முற்றிய குடிநோயாளிகள் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும்; முற்றியவர்களுக்கு நான்கு பேச்சு போதாது. இருந்தாலும் அந்த எண்களைப் பார்க்கும்போது, நாட்டில் எவ்வளவு பேர் கைநீட்டக் காத்திருக்கிறார்கள் என்பது உறைக்கும். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவால் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்தவர்கள் 5.7 கோடி. குடிநோயாளிகளில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சையைப் பெறுகிறார். அந்த 38இல் ஒருவர்தான் உன் மேசைக்கு எதிரே வந்து உட்காரப்போகிறவர்.

அவருக்கு நீயே எல்லாமாக ஆகிவிடாதே. இந்த வேலைக்கு வருகிற நல்லவர்கள் எல்லாரும் முதலில் செய்கிற தவறு இது. சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுப்பார்கள். நள்ளிரவு அழைப்பை எடுப்பார்கள். ‘மேடம் இல்லாவிட்டால் நான் இல்லை’ என்று அவர் சொல்லும்போது உள்ளூர மகிழ்வார்கள். ஆறு மாதத்தில் மேடம் களைத்துப்போவார், அல்லது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவார். உன் வேலை நீ அவருக்கு உறவாவதல்ல, உறவு சேர்த்துவைப்பது. கல்யாணத் தரகர் எப்படி இரு வீட்டையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்வாரோ அப்படி. ஏஏ கூட்டம் நடக்கும் முகவரியைத் தாளில் எழுதிக் கொடுப்பது சேர்த்துவைப்பதாகாது. கூட்டத்துக்குப் போகும் ஒருவரை வார்டுக்கே வரவழைத்து, நோயாளியைப் பார்த்துப் பேசவைத்து, முதல் கூட்டத்துக்கு அவரோடு சேர்ந்து போகச்செய்வதே சேர்த்துவைப்பது. கடவுள் பேச்சு வந்தால் எழுந்துபோகும் பெரியார் தொண்டர் ஒருவருக்குக் கூட்டம் ஒத்துவராமல் போகலாம். அவருக்கு நூலகமோ, தொழிற்சங்கமோ, காலையில் கபடி சொல்லிக்கொடுக்கும் மைதானமோ ஒத்துவரலாம். குடிக்கும் பெண்களுக்கு ஆண்கள் நிறைந்த கூட்டம் ஒத்துவருவதில்லை. அவர்கள் வெளியே சொல்லவே அஞ்சுகிறார்கள். அவர்களுக்கு இன்னொரு பெண்ணைத் தேடித் தருவது உன் பொறுப்பு. எங்கே சேர்த்தாலும் ஒன்றைப் பார்: அங்கே இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரா, அல்லது யாராவது இவரை எதிர்பார்க்கிறார்களா? நாற்காலி எடுத்துப்போடும் வேலை, டீ போடும் வேலை, புதிதாக வந்தவரைப் பஸ் ஏற்றிவிடும் வேலை ஏதாவது ஒன்று இவர் பொறுப்பில் இருக்கிறதா? போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர் இருக்கிறாரா?

பேச்சிலும் ஒரு சின்ன மாற்றம் வேண்டும். கேஸ் ஷீட்டில் ‘குடிகாரர்’ என்று எழுதாதே. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956லேயே இதை நோயென்று ஏற்றுக்கொண்டது. குடிநோயாளி என்ற நல்ல தமிழ்ச்சொல் நம்மிடம் இருக்கிறது. மறுபடி குடித்துவிட்டு வந்தவரிடம் ‘ஏன் குடித்தீர்கள்?’ என்று தொடங்கினால் பொய்யான பதில் வரும். ‘குடிப்பதற்கு முன்னால் யாரைக் கூப்பிட நினைத்தீர்கள்?’ என்று கேட்டுப்பார். யாருமில்லை என்று அவர் சொன்னால், எங்கே ஓட்டை என்று உனக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக, ஆக்ரனுக்கே திரும்பிப் போகலாம். 1939இல் டாக்டர் பாப் அங்குள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்கு ஒரு குடிநோயாளியைக் கொண்டுவந்தார். அக்காலத்தில் பெரும்பாலான மருத்துவமனைகள் குடிநோயாளிகளைச் சேர்ப்பதில்லை. அனுமதிப் பொறுப்பில் இருந்த கன்னியாஸ்திரி சிஸ்டர் இக்னேஷியா, இரைப்பை அழற்சி என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். மறுநாள் டாக்டர் பாப் இன்னொன்று கேட்டார்: இவரைப் பார்க்கச் சில நண்பர்கள் வருவார்கள், தனியே பேச இடம் வேண்டும். மருத்துவமனையில் பூக்களை அடுக்கும் சிறு அறை ஒன்றுதான் காலியாக இருந்தது. கட்டிலை அதற்குள் தள்ளினார்கள். குடியை விட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து அந்தப் பூவறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். டாக்டர் பாப் 1950இல் இறப்பதற்குள் இருவருமாகச் சேர்ந்து அந்த மருத்துவமனையில் கிட்டத்தட்ட ஐயாயிரம் பேரைக் கவனித்தார்கள். டாக்டர் பாப் கட்டணம் வாங்கவில்லை. வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் சிஸ்டர் இக்னேஷியா இயேசுவின் திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுப்பார். குடித்தே தீரவேண்டும் என்று தோன்றினால், குடிப்பதற்கு முன்னால் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடி என்பார்.

வெள்ளிக்கிழமை உன் வார்டிலிருந்து யாராவது வீட்டுக்குப் போகிறார்கள் என்றால், அவர் கிளம்புமுன் உன் மேசைத் தொலைபேசியிலிருந்தே ஒருவரை அழைத்துப் பேசட்டும். யாருமே இல்லையென்றால் 14446 என்ற அரசின் போதை மீட்பு உதவி எண்ணையாவது தாளில் எழுதிக்கொடுத்துவிட்டு, குடியை விட்ட ஓர் ஆளை அவருக்குத் தேடத் தொடங்கு. சனிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணன்